இரண்டாவது ஆள்

மண்ணூர்,
18.1.2015

அன்புள்ள செல்வி,

பொங்கல் எப்படிப் போனது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை. என் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. அதுவும் உன்னால். என்னால் என்றும் சொல்லலாம். இரண்டு பேராலும் என்று வைத்துக்கொள்.

நேற்றுத்தான் என் வழிகாட்டி கோமதிநாயகம் சாரைப் பார்த்தேன். உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், உங்கள் பேச்சிலேயே திட்டினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொன்னார். நானும் உனக்கு அப்படியே சொல்கிறேன், கேட்டுக்கொள். மின்வழிக் கற்றல் பற்றி நம் நாட்டில் பத்து வருடமாக வந்த ஆய்வுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் என் தலைப்பு. ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்தையும் படித்து, இது கருவியைப் பற்றியதா, ஆசிரியரைப் பற்றியதா, மாணவருக்குப் பாடம் பிடித்ததா என்பதைப் பற்றியதா, மாணவர் கற்றாரா என்பதைப் பற்றியதா என்று கட்டுக்கட்டாகப் பிரிக்கிறோம். ஒரே ஆள் பிரித்தால் அது அந்த ஆளின் மன ஓட்டம் ஆகிவிடும். அதனால் இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகப் பிரிக்க வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஆள்தான் நீ.

சார் நம் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே மூளையா? புருசன் பொண்டாட்டிகூட இப்படி ஒத்துப்போக மாட்டாகளே. தனித்தனியாத்தான பிரிச்சீக?"

"ஒரே ரூம்ல சார்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நினைத்துப் பார். நீ கட்டிலில், நான் தரையில். "அக்கா, இது எதுல வரும்?" என்பாய். நான் சொல்வேன். "சரிக்கா" என்று எழுதிக்கொள்வாய். இதற்குப் பேர் தனியாகப் பிரிப்பதாம்! எனக்கும் அது உறைக்கவில்லை பார். ஏழு கழுதை வயதாகிறது, தண்டலத்தில் ஒரு காலேஜ் லைப்ரரியே என் கையில் இருக்கிறது.

வேறு ஆளைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "அந்தப் புள்ள பி.எஸ்ஸி. கணக்குதான? இங்கிலீஷ் வாசிக்குது, முறை தெரியுது. அது போதும். ஆனா ரெண்டு பேரும் பேசிக்கிடக் கூடாது" என்றார். நீ சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டதை அவர் அதிர்ஷ்டம் என்கிறார். செல்போன் கம்பெனி மூடி உன் வேலை போனதில் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

புதுக் கட்டு ஒன்று பார்சலில் வருகிறது. நீ பிரி. போன் செய்யாதே, நானும் செய்ய மாட்டேன். போன் எடுத்தால் ஹலோவுக்கு அப்புறம் நேராக அதற்குத்தான் போவோம், நம் வாய் நமக்குத் தெரியாதா? கடிதம் எழுதலாம், கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். ஏப்ரல் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் நீட்டித்துக் கொடுத்தது இதுவே கடைசி. தவறினால் என் பதிவே ரத்து, ஆறு வருடப் படிப்பு ஆற்றில் கரைத்த புளி.

அம்மா உன்னைக் கேட்காத நாள் இல்லை. "செல்வி எப்போ வருதாம்? ரூமு சும்மாதான கீது" என்கிறது. நீங்களெல்லாம் காலி செய்த பிறகு தெருவே வெறிச்சென்று இருக்கிறது. கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் இப்போது நாய்தான் படுத்திருக்கிறது.

பிரவீனா


சங்கரன்கோவில்,
30.1.2015

பாசமுள்ள பிரவீனா அக்காவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், கோழிகள் உட்பட. கட்டு வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றதால் வந்து சேர்ந்தது என்பதோடு வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். சாயங்காலம் வந்து கட்டைப் பிரித்து உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, கம்பெனிதான் மூடியாச்சுல்லா. இன்னும் யாருக்கு ஓவர்டைம் பாக்க?" என்கிறாள். என் தம்பி இசக்கிபாண்டி, "அக்கா டாக்டராகப் போறா, ஊசி போடுவா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். நேற்று ஒரு ஆச்சி முட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வந்துவிட்டார்கள்.

சிரிப்பு இருக்கட்டும். ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. மூன்று வருடம் உங்கள் வீட்டு அறையில் இருந்தேன், ஒரு தடவைகூட நேரில் சொன்னதில்லை. ஷிஃப்ட் முடிந்து காலையில் நாங்கள் செத்த பிணமாக வந்து இறங்குவோம். நீங்கள் ஈரத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து ஏதாவது ஆய்வைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இட்லி பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். உங்கள் அம்மா, "துன்னுட்டுப் படியேன்டி" என்று கத்துவார்கள். காலேஜுக்குப் போய் ஆயிரம் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி அதே படியில் உட்காருவீர்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு மனுஷி இப்படிப் படிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் லைனில் எல்லோரும் சினிமாக்காரர்கள் படத்தைப் பர்ஸில் வைத்திருப்பார்கள். உங்கள் போட்டோ இருந்திருந்தால் நான் அதை வைத்திருப்பேன்.

கட்டை நல்லபடியாக முடித்து அனுப்புகிறேன். உங்கள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக் கடிதம் எழுதுகிற நாள் வரட்டும்.

தங்கள்
பாண்டிச்செல்வி


மண்ணூர்,
20.2.2015

செல்வி,

கட்டு வந்தது. உன் பிரிப்பையும் என் பிரிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் குதித்தேன். அப்புறம் சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

மறுபடியும் அப்படியே ஒத்துப்போகிறது. பழைய கணக்குக்கும் இதற்கும் நூலிழைதான் வித்தியாசம்.

சுலபமானவற்றில் ஒத்துப்போனால் பரவாயில்லை. செயற்கைக்கோள் வழியாகப் பாடம் நடத்துவது பற்றி ஒன்று வருகிறது, யாராக இருந்தாலும் கருவி என்றுதான் போடுவார்கள். ஆனால் நர்ஸிங் மாணவிகளும் செல்போனும் என்று ஒரு ஆய்வு இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு நானே நாலு தடவை இடம் மாற்றினேன். கடைசியில் ஒரு குருட்டுத் தைரியத்தில் ஆசிரியர் கட்டில் வைத்தேன். நீயும் ஆசிரியர் கட்டில் வைத்திருக்கிறாய். உலகத்தில் வேறு யாரும் அதை அங்கே வைக்க மாட்டார்கள் செல்வி.

சாரிடம் காட்டினேன். "போன்ல பேசுனீகளா?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பினார் என்று தோன்றவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தும் இந்த லட்சணம் என்றால், தேர்வாளர் இதை ஜோடனை என்றுதான் சொல்வார் என்கிறார்.

கேட்கவே சங்கடமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அறையைக் காலி செய்யும்போது என் பழைய தாள்கள் ஏதாவது உன் பெட்டியில் வந்துவிட்டனவா? அதில் நான் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்துப் போட்டாயா? உண்மையைச் சொல். ஏப்ரல் முப்பது ஓடி வருகிறது.

பிரவீனா


சங்கரன்கோவில்,
1.3.2015

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் வைத்துப் பிரித்தேன். படித்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கடைக்காரர் இங்க் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

உங்கள் தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் காப்பி அடிக்கிறவள் என்றால் கணக்கில் அரியர் வைத்து இரண்டு தடவை எழுதியிருக்க மாட்டேன். இதை நீங்கள் கேட்கலாமா? வேறு யார் கேட்டிருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

கோபத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அப்புறம்தான் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நர்ஸிங் மாணவிகள் ஆய்வை நான் ஏன் ஆசிரியர் கட்டில் வைத்தேன்? யோசித்துப் பார்த்தேன். அதைப் படித்ததும் எனக்குப் பிடித்ததா என்ற கட்டுதான் தோன்றியது. உடனே, அக்கா என்ன போடுவார்கள் என்று ஒரு நினைப்பு. கடைசிப் பத்தியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. அக்கா கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள், அதனால் ஆசிரியர் என்று போடுவார்கள் என்று நானே முடிவு செய்து போட்டுவிட்டேன். ஒன்றில் இல்லை அக்கா, சந்தேகம் வந்த எல்லாவற்றிலும் இதைத்தான் செய்திருக்கிறேன். உங்கள் குரல் அப்படியே காதில் வந்தது. நீங்கள் போட்டால் சரியாகத்தானே இருக்கும்?

எங்கள் லைனில் கடைசி செக்கிங்கில் இரண்டு பேர் உண்டு. முதல் ஆள் போனைப் பார்த்துவிட்டுப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவாள். இரண்டாவது ஆள் முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். சந்திரலேகா அக்கா என்று ஒரு சீனியர். அவர் ஸ்டிக்கர் ஒட்டி வந்ததென்றால் போனைத் திருப்பிப் பார்ப்பதே அவரை அவமானப்படுத்துவது என்று நாங்கள் நினைப்போம். சும்மா கையில் எடுத்து வைத்துவிடுவோம். ஒரு தடவை அதிர்வே வராத போன்கள் ஒரு டிரே நிறையப் போய்விட்டன. சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ரெண்டாவது ஆள் எதுக்குமா இருக்கீங்க, அலங்காரத்துக்கா?" என்றார்.

இங்கேயும் அதையேதான் செய்திருக்கிறேன். உங்கள் மேல் உள்ள மரியாதையில்தான் செய்தேன். அது உங்கள் படிப்பிலேயே மண்ணைப் போடும் என்று தெரியவில்லை. திருட்டுப் பட்டம் மட்டும் கட்டாதீர்கள்.

செல்வி


மண்ணூர்,
8.3.2015

என் தங்கமே,

மன்னித்துவிடு. நான் கேட்டது தப்பு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் அம்மா, "இன்னாடி, யாரு பூட்டாங்க?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். "பின்ன, அந்தப் பொண்ணப் போயி அப்டி கேப்பியா நீ? புத்தி கீதா உனுக்கு?" என்று எனக்குத்தான் அர்ச்சனை.

அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. கடைசிப் பத்தியை முதலில் படிப்பேன் என்று எப்படிடீ கண்டுபிடித்தாய்? என் அப்பாவுக்குத் தெரியாது, சாருக்குத் தெரியாது, எனக்கே நீ சொல்லித்தான் தெரிகிறது.

உன் ஸ்டிக்கர் கதையை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டேன். என் கட்டுகளை வருடவாரியாக மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய பேராசிரியர் ஒரு வருடம் ஆசிரியர்களின் மனப்பான்மை என்று எழுதுகிறார். அடுத்த இரண்டு வருடம் மதுரையிலிருந்து சண்டிகர் வரை எல்லோரும் மனப்பான்மை. செல்போன் என்று ஒருவர் ஆரம்பித்தால் எல்லோருக்கும் செல்போன். இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சேருகிற இணையப் படிப்பு வந்திருக்கிறது, இனி நாலு வருடத்துக்கு அதுதான். போக்கு போக்கு என்று நான் பெயர் வைத்திருப்பதில் பாதி, முன்னால் போனவர் ஒட்டின ஸ்டிக்கர்தான் போலிருக்கிறது. எல்லாம் உன்னை மாதிரி மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

சாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்ல புள்ள. ஆனா பக்தி முத்திப் போச்சு" என்றார். இன்னொரு கட்டு தந்திருக்கிறார். இதுதான் கடைசி, இதற்கு மேல் நாள் இல்லை. என் பிரிப்பை உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுத்துவிட்டேன். உன்னுடையதை நேராக அவர் விலாசத்துக்கு அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏன் அங்கே வைத்தாய் என்று பென்சிலில் ஒரு வரி ஓரத்தில் எழுது.

என் குரல் காதில் வந்தால் சும்மா இருடி என்று சொல். உரக்கவே சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் மேல் உள்ள மரியாதையை ஏப்ரல் வரைக்கும் கொஞ்சம் பரணில் ஏற்றி வை. என்னைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என்னோடு ஒத்துப்போகாதே.

உன்
பிரவீனா அக்கா


சங்கரன்கோவில்,
30.3.2015

அக்கா,

முடித்து இன்றைக்குத்தான் சாருக்கு அனுப்பினேன். தபால்காரர் ரசீது கொடுக்கும்போது கையை நீட்டித் திருப்பி வாங்கிவிடலாமா என்று இருந்தது.

உள்ளே என்ன என்று சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நிறைய இடத்தில் நீங்கள் எங்கே வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே வேறு இடத்தில் வைத்தேன். எனக்கு அப்படித்தான் பட்டது. ஒவ்வொரு தடவையும் உங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எதிர்த்துப் பேசுகிற மாதிரி கை கூசியது. "சும்மா இருடி" என்று மட்டும் சொல்ல வரவில்லை. "கொஞ்சம் சும்மா இருங்கக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா, "தனியாப் பேச ஆரம்பிச்சுட்டா, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போணும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அக்கா, இதில் ஒத்துப்போவது ரொம்பக் குறைந்துபோனால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா? என் மண்டைக்கு எட்டியதை எழுதப் போய் உங்கள் ஆறு வருடம் போனால் மண்ணூர்ப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. சங்கரநயினார் சன்னதியில் உங்களுக்காக ஒரு தேங்காய் உடைத்தேன். நன்றாகத்தான் உடைந்தது.

செல்வி


மண்ணூர்,
12.4.2015

செல்வி,

சார் என் உறையையும் உன் உறையையும் என் முன்னால் வைத்துப் பிரித்தார். கணக்குப் போட்டு முடிக்கும்வரை நான் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ம், இப்பத்தான் ரெண்டு பேரு தெரியுறீக" என்றார். எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. மயிரிழையில், ஆனால் மேலே. தேங்காய் வேலை செய்துவிட்டது.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எனக்கு உன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன தெரியும், இத்தனையை மாற்றி வைத்திருக்கிறாளே என்று இருந்தது. எனக்கும் அந்தப் புத்தி இருக்கிறது பார். அப்புறம்தான் நீ பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

கற்றாரா என்ற கட்டில் நான் வைத்திருந்தவற்றில் பாதிக்கு மேல் நீ பிடித்ததா என்ற கட்டுக்குத் தள்ளியிருக்கிறாய். ஓரத்தில் எழுதியிருக்கிறாய்: 'நன்றாகக் கற்றோம் என்று மாணவர்கள் டிக் செய்திருக்கிறார்கள். பரீட்சை வைக்கவில்லை. கம்பெனி டிரெயினிங்கில் கம்ப்யூட்டர் பாடம் முடிந்ததும் பஸ் போய்விடும் என்று நாங்களும் இப்படித்தான் டிக் அடித்துவிட்டு ஓடுவோம்.' படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இது எங்கே போய் இடிக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் பிடித்ததா என்று கேட்டார்கள், இப்போது கற்றாரா என்று பார்க்கிறார்கள், ஆராய்ச்சி முதிர்ந்துவிட்டது என்பதுதான் என் ஆய்வேட்டின் முடிவுரை. அதை எழுதிய அன்று உங்களுக்கெல்லாம் பாயசம் வைத்துக் கொடுத்தேன். உன் பிரிப்பின்படி பார்த்தால் சி.டி. போய் வெப்சைட் வந்திருக்கிறது, வெப்சைட் போய் செல்போன் வந்திருக்கிறது, கேள்வி அதே கேள்விதான்.

"ஒத்துப்போற அளவு போதும். இப்படியே குடுத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. ஒன் இஷ்டம்மா" என்று சார் சொல்லிவிட்டார். அது உண்மைதான். இப்படியே கட்டிக் கொடுத்துவிட்டால் ஏப்ரல் முப்பதுக்குப் பயமே இல்லை. முடிவுரையை மாற்றினால் இரண்டு அத்தியாயம் திருப்பி எழுத வேண்டும், முடியுமா என்று தெரியாது. நேற்று முழுக்க யோசித்தேன். தெரிந்த பிறகு எப்படிச் செல்வி அதையே கொடுப்பது? மாற்றித்தான் எழுதப் போகிறேன். போனால் போகட்டும்.

அதற்கு நீ வேண்டும். தனித்தனியாகப் பிரித்து முடித்த பிறகு, ஒத்துப்போகாதவற்றை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்க்கலாம். அது முறைதான், சாரும் சரி என்றுவிட்டார். நீ சொன்ன எல்லாமே சரி என்று நினைத்துக்கொள்ளாதே. பி.எட். மாணவர்களுக்கு முன்னும் பின்னும் பரீட்சை வைத்த ஆய்வை, தலைப்பில் மனப்பான்மை என்று இருப்பதைப் பார்த்துத் தப்பாகப் பிடித்ததா என்ற கட்டில் வைத்திருக்கிறாய். அதில் உன்னை விடமாட்டேன். ஆனால் நேரில் உட்கார்ந்ததும் பழையபடி 'சரிக்கா' என்று தலையாட்டிவிடுவாயோ என்பதுதான் என் பயம். தலையாட்டினால் எழுதுவதெல்லாம் வீண்.

லைப்ரரியில் இத்தனை வருடம் எத்தனையோ கெட்டிக்காரர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தான் இவ்வளவு ஆசை வைத்திருக்கிற ஒருத்தியை எதிர்த்து இவ்வளவு நேர்மையாகப் பென்சிலால் எழுத அவர்களில் எத்தனை பேரால் முடியும்? எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கிளம்பி வா.

பிரவீனா


சங்கரன்கோவில்,
15.4.2015

பிரவீனா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை விடியும்போது சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஒரகடம் வழியாக எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஜெராக்ஸ் கடையில் லீவு சொல்லியாயிற்று. அம்மாவிடம், பரீட்சைக்குப் பேப்பர் திருத்தப் போகிறேன் என்றேன். "நீயா?" என்று கேட்டுவிட்டு முறுக்கு சுடப் போய்விட்டாள்.

பி.எட். மாணவர்கள் ஆய்வில் நான் வைத்ததுதான் சரி. அந்தப் பரீட்சையில் என்ன மார்க் வந்தது என்று அவர்கள் எங்கேயும் சொல்லவே இல்லை. மறுபடி படித்துப் பாருங்கள். இதில் நானும் உங்களை விடுவதாக இல்லை.

எனக்கும் நீங்கள் சொன்ன பயம்தான். உங்கள் முகத்தைப் பார்த்தால் மரியாதை தானாக வந்துவிடும். அக்கா என்று வாய் சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் 'சரிக்கா' என்று தலை ஆடிவிடும். இரண்டும் சேர்ந்தேதான் வரும் எனக்கு, பழக்கம் அப்படி. இந்தக் கடிதத்தின் தலைப்பில் பெயரை மட்டும் எழுதிவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைசித் தாள் முடிகிறவரைக்கும் நீங்கள் எனக்குப் பிரவீனாதான்.

செல்வி